ஜீப்பில் காணாமல் போன குரல்

பாலக்காட்டை ஒட்டிய எலப்புள்ளிப் பக்கத்தில் யோகப்பிரியாவின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். குரல் தெரியாதவர்கள் இருக்க முடியாது. ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு, "ஏனுங்கண்ணா, பச்சரிசி வந்துருச்சுங்களா?" என்று கேட்டால் போதும். முன்னால் நிற்கிறவர் சட்டென்று திரும்பி, "அட, ஜீப்புக்கார அம்மிணியா நீ" என்பார். அர்த்தநாரியின் அறிவிப்பு ஜீப்பில் உட்கார்ந்து தேர்த்திருவிழா, கண் சிகிச்சை முகாம், வாய்க்காலில் தண்ணீர் திறப்பு, புதுத் துணிக்கடை என்று எல்லாவற்றையும் ஊருக்குச் சொன்னவள் அவள்தான். தமிழில் ஒரு தடவை, மலையாளத்தில் ஒரு தடவை. எந்தத் தெருவில் எது முந்த வேண்டும் என்பதை அவளே முடிவு செய்வாள். அர்த்தநாரி அதில் தலையிட மாட்டார்.

இந்த வேலை அவளுக்கு வந்த விதமே வேடிக்கை. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு மாரியம்மன் திருவிழாவில் ஒரு பொடியன் காணாமல் போய்விட்டான். மைக் பிடிப்பவர் டீ குடிக்கப் போயிருந்தார். பையன் பெயரும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை, அழுகை மட்டும் நன்றாக வந்தது. எல்லாரும் "உன் பேரென்ன, அப்பா பேரென்ன" என்று அவனைப் பிடுங்கிக்கொண்டிருக்க, யோகப்பிரியா குனிந்து, "உங்க ஊட்டு நாயி பேரென்ன கண்ணு?" என்று கேட்டாள். அழுகை நின்றது. "கப்பலு" என்றான். அவள் மைக்கை எடுத்து, "கப்பல்னு நாயி வளக்கறவிய யாருங்க, உங்க பையன் இங்க இருக்கறானுங்க" என்று சொன்னாள். வளையல் கடைப் பக்கமிருந்து ஒரு பெண் விழுந்தடித்து ஓடி வந்தாள். மைக்செட்டின் சொந்தக்காரர் அர்த்தநாரி அன்றைக்கே அவள் கணவன் மோகனசுந்தரத்திடம் வந்து, "மாப்ள, அம்மிணிய நம்ம ஜீப்புக்கு அனுப்பறயா?" என்று கேட்டுவிட்டார்.

எதையும் தோண்டிப் பார்க்காமல் விடமாட்டாள், அவள் சுபாவம் அப்படி. அந்தச் சுபாவம் ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. ஜீப் ஊர்ந்து போகும்போது வாசலில் நிற்கும் பெண்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள், குறுக்குக் கேள்வி போடுவார்கள். "கண்ணாடி அங்கயே குடுப்பாங்களா, இல்ல இன்னொருக்கா அலைய வுடுவாங்களா?" என்று ஒருத்தி கத்துவாள். யோகப்பிரியா கோளாம்பி ஒலிபெருக்கியிலேயே, தெரு முழுக்கக் கேட்க, "அங்கயே குடுக்கறாங்களாமா, சோறுண்டுட்டு வாங்க" என்று பதில் சொல்வாள். மற்ற ஊர்களில் அறிவிப்பு ஜீப் என்றால் ஒருவழிப் பேச்சு. இங்கே அது சந்தைக்கடைப் பேச்சு மாதிரி இருந்தது, அவளுக்கும் அது உயிராக இருந்தது.

அப்படிக் கத்திக் கத்தித்தான் தொண்டை போனது. குரல்வளையில் முடிச்சு என்றார்கள். கோயம்புத்தூரில் ஆபரேஷன் நடந்தது. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "பேசலாம், கத்தக் கூடாது. இனிமே எப்பவுமே" என்றார். பேசக் கூடாத நாட்களெல்லாம் முடிந்து வாயைத் திறந்தபோது வந்த குரலைக் கேட்டு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. பழைய குரல் வெண்கலம் என்றால் இது மண்சட்டி. தணிந்து, ஓரத்தில் கொஞ்சம் கரகரத்து, பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும் கேட்டது.

ஜீப்பில் இந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மெதுவாகப் பேசினால் இன்ஜின் சத்தம் தின்றுவிடும். மைக்கின் ஒலியை ஏற்றினால் தலைக்கு மேலிருக்கும் கோளாம்பி ஊளையிடும். அர்த்தநாரி தானே மைக் பிடித்துப் பார்த்தார். அவர் வாயில் இலவச மருத்துவ முகாம்கூட ஜப்தி நோட்டீஸ் மாதிரி ஒலித்தது. யோகப்பிரியா வீட்டுக்குள் உட்கார்ந்து அதைக் கேட்டு, சிரித்து, பிறகு அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள். "ஏனுங்க மாமா, ஊட்லயே மெதுவாப் பேசிப் பதிவு பண்ணிக் குடுத்தா, ஜீப்புல போட்டு ஓட்ட மாட்டாங்களா?"

மோகனசுந்தரம் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். தென்னந்தோப்பும் நாலு வயலும் உள்ள மனிதர். அந்த வட்டாரத்தில் யார் வீட்டு மோட்டார் ஓடவில்லை என்றாலும் கூப்பிட்டுவிடுவார்கள். "அதுக்கென்ன, பண்ணிப்போட்டாப் போச்சு" என்றார். அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அப்புறம் வீடு தாங்காது.

ஒலியைக் கலந்து அனுப்பும் மிக்ஸர் ஆனைக்கரையிலிருந்து வந்தது. அங்கே கானமேளா என்னும் பாட்டுக் கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசித்த ஜின்சன் வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பெட்டி முழுக்கத் திருகுகள், முதல் வரிசையில் மைக் செருகும் குழிகள், மேல் மூலையில் சத்தம் வெளியே போகும் இரண்டு பெரிய ஓட்டைகள். நேராகக் கம்ப்யூட்டரில் குத்துகிற புது மாதிரி இல்லை, பழையது. கம்ப்யூட்டரும் பழசு, மேசையில் வைக்கிற பெரியது. அதன் முதுகில் மூன்று சின்ன ஓட்டைகள், பச்சை, ரோஸ், நீலம். மிக்ஸரின் பெரிய ஓட்டையிலிருந்து கம்ப்யூட்டரின் சின்ன ஓட்டைக்குப் போக ஒரு கேபிள் வேண்டும். ஜின்சன் அதை மட்டும் அனுப்ப மறந்துவிட்டான்.

"கேபிளா? நான் எதுக்கு இருக்கறேன்" என்றார் மோகனசுந்தரம். பாலக்காட்டுக்குப் போய்ப் பெரிய பின் ஒன்று, சின்னப் பின் ஒன்று, மூன்று கம்பி உள்ள வயர் வாங்கி வந்தார். இரண்டு பின்னிலும் மும்மூன்று இடம் இருந்தது. ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று கணக்காகப் பற்றவைத்தார். அந்த மனிதரின் பற்றவைப்பு அவ்வளவு அழகு, சும்மா சொல்லக் கூடாது. "ஒரு கம்பியும் சும்மா தொங்கக் கூடாது. த்ரீ பேஸ்ல ஒரு கம்பி வுட்டுப்போச்சுன்னா மோட்டாரு புகைஞ்சு போயிரும்" என்று வேறு விளக்கம் கொடுத்தார்.

நெல் மூட்டை அடுக்கிய அறைதான் ஸ்டுடியோ ஆனது. மூட்டைகள் மூன்று பக்கமும் சத்தத்தைக் குடித்துவிட்டன. கை தட்டினால் எதிரொலியே வரவில்லை. யோகப்பிரியா அதிசயித்துப் போய்க் கொஞ்ச நேரம் கை தட்டிக்கொண்டே இருந்தாள். மூட்டைக்கு நடுவில் ஸ்டூல் போட்டு, மைக்கை வாய்க்கருகே வைத்து, கேபிளை முதலில் ரோஸ் ஓட்டையில் குத்தினாள். தகரத்தைச் சிமெண்டில் தேய்த்த மாதிரி ஒரு அலறல் வந்தது. ஜின்சனுக்குப் போன் போட்டாள். "சேச்சி, அது வெறும் மைக்குக்கு உள்ள வழி. மிக்ஸர்லேருந்து பெலமா வர்றதை அதுல தள்ளக் கூடாது. நீலத்துல குத்துங்க" என்றான். நீலத்தில் குத்தினாள். திரையில் பச்சைக் கோடு துள்ளியது. ஹெட்போனில் அவள் மூச்சே அவளுக்குக் கேட்டது.

முதல் வேலை பால் சங்கத்துடையது. ஞாயிற்றுக்கிழமை மாடுகளுக்குக் கோமாரி நோய்த் தடுப்பூசி முகாம். அவள் பேசினாள். மயில் அகவியது, நிறுத்தினாள். மறுபடி பேசினாள். கஞ்சிக்கோட்டுப் பக்கம் ரயில் ஊதியது, மறுபடி. கடைசியில் ஒருவழியாக முடித்து, ஹெட்போனில் கேட்டபோது அசந்துபோனாள். குரல் மண்டைக்கு நடுவில் இல்லாமல் இரண்டு காதுக்கும் வெளியே, எங்கிருந்தோ விரிந்து வந்தது. கொஞ்சம் தலை சுற்றுகிற மாதிரியும் இருந்தது. ஆஹா, ஸ்டுடியோக் குரல் என்பது இதுதான் போல என்று நினைத்துக்கொண்டாள். அர்த்தநாரி எல்லாவற்றுக்கும் போடுகிற நாதஸ்வர இசையைக் கம்ப்யூட்டரிலேயே பின்னால் சேர்த்து, பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலை ஜீப் கிளம்பியது. யோகப்பிரியா வீட்டில் இருந்தபடி தூரத்தில் நாதஸ்வரம் கேட்டாள். காற்று எதிர்ப் பக்கம் அடித்தது, பேச்சு கேட்கவில்லை. கேட்கும், ஜீப் இந்தத் தெருவுக்கு வரட்டும் என்று மாட்டுக்குத் தீவனம் கலக்கப் போனாள்.

ஜீப் வந்தது. பானெட்டில் செவ்வந்தி மாலை கிடந்தது. கண்ணாடிக்குக் கீழே ஒரு தேங்காய் மூடி, இரண்டு பழம். அர்த்தநாரியின் நெற்றியில் புதிதாகக் குங்குமம். மேலே கோளாம்பியில் நாதஸ்வரமும் தவிலும் பொளந்து கட்டிக்கொண்டிருந்தன. பேச்சு ஒரு சொல் இல்லை.

அர்த்தநாரி இறங்கி வந்து குரலைத் தாழ்த்தினார். "அம்மிணி, முன்னால சித்த மியூசிக் போட்டிருப்பீங்க, பின்னால பேச்சு வருமுன்னு நெனச்சேனுங்க. நீளமா இருக்குதேன்னு பாத்தேன். மேக்குத் தெருவுல பொம்பளைக கற்பூரத் தட்டோட வந்து நிக்கறாங்க. எனக்கொண்ணும் புரியில. பெறகு சின்னத்தாயக்கா வந்து ஜீப்புக்குள்ள எட்டிப் பாத்துப்போட்டு, 'சாமி எங்கடா?'ன்னு கேக்குது."

பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி அணைந்த கற்பூரத் தட்டுடன் ஜீப்புக்குப் பின்னாலேயே நடந்து வந்திருந்தாள். "ஊசி போடறதுக்கா இத்தன மேளம்? நான் தலைக்குத் தண்ணி ஊத்தீட்டு வந்தேன்" என்றாள். அவளுடைய கோபத்தில் நியாயம் இருந்தது.

மோகனசுந்தரம் சிரித்துவிட்டார். யோகப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பென் டிரைவைப் பிடுங்கி வந்து கம்ப்யூட்டரில் போட்டாள். ஹெட்போனில் குரல் கணீரென்று இருந்தது. ஜீப்பில் போட்டாள், நாதஸ்வரம் மட்டும். மறுபடி கம்ப்யூட்டர், மறுபடி ஜீப்.

அர்த்தநாரி தலையைச் சொறிந்தார். "சங்கத்துக்காரங்களுக்கு நான் பதில் சொல்லோணுமுங்க. நாளைக்குள்ள சரியாகலீன்னா நானே கத்திப்போடறேன். ஆனா அடுத்தாப்ல தேரு வருது, அம்மிணி. அதுக்கு நான் கத்துனா சனம் தேரை வுட்டுப்போட்டு ஓடிப்போயிரும். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பொண்ணு இருக்குதாமா." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் மாலையைக் கழற்றினார்.

அந்தச் சொல் அவளைச் சுட்டது. ஆனால் அதைவிட மோசமான ஒரு பயம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருவேளை பழுது மெஷினில் இல்லை என்றால்? ஆபரேஷனுக்குப் பிறகு தன் குரலுக்குத் தெருவில் ஏறி நிற்கிற தெம்பே இல்லையோ? நாதஸ்வரத்துக்கு முன்னால் அது வாடிச் சாம்பிப் போய்விட்டதோ? ஜீப்பில் தொங்கிய மைக்கை ஒரு தடவை பார்த்தாள். பழையபடி எடுத்து ஒரு கத்துக் கத்தினால் என்ன என்று கை துறுதுறுத்தது. மோகனசுந்தரம் அதைப் பார்த்துவிட்டார். மைக்கின் வயரைப் பிடுங்கிச் சுருட்டித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் நெல் மூட்டைமேல் சாய்ந்துகொண்டு, அந்தப் பதிவைச் செல்போனில் ஏற்றிக் கேட்டாள். போனின் சின்ன ஸ்பீக்கரிலும் நாதஸ்வரம்தான். இயர்போனை மாட்டினாள், குரல் வந்துவிட்டது, நல்ல பலமாகவே. கழற்றினாள், போய்விட்டது. எழுந்து உட்கார்ந்தாள். தெம்பில்லாத குரல் என்றால் எங்கேயும் தெம்பில்லாமல்தானே இருக்க வேண்டும்? இங்கே கொழுத்துக் கிடக்கிறது, அங்கே அடியோடு காணவில்லை. இது பலவீனம் இல்லை, வேறு என்னவோ. பயம் இருந்த இடத்தில் அவளுடைய பழைய குறுகுறுப்பு வந்து ஏறிக்கொண்டது.

வலது காதில் மட்டும் இயர்போனை வைத்தாள். குரல் இருந்தது. எடுத்துவிட்டு இடது காதில் மட்டும் வைத்தாள். இருந்தது. ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக இருக்கிறவள், ஜீப்பிலும் போனிலும் இரண்டும் சேர்ந்து ஒரே குழாய் வழியாகப் போகும்போது எங்கே போய்விடுகிறாள்?

கம்ப்யூட்டரில் பதிவைத் திறந்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். மேலே ஒரு கோடு இடது காதுக்கு, கீழே ஒரு கோடு வலது காதுக்கு. இதுவரை அதைக் கம்பளிப்பூச்சி என்றுதான் நினைத்திருந்தாள். இன்னும் பெரிதாக்கினாள். பூச்சி பிரிந்து மேடும் பள்ளமுமாக ஓடியது. நாதஸ்வரம் மட்டும் இருந்த இடத்தில் மேல்கோடும் கீழ்கோடும் கிட்டத்தட்ட ஒரே ஜாடை. தன் பேச்சை மட்டும் தனியாகத் திறந்தாள். அங்கே மேல்கோடு மேடாக ஏறும் ஒவ்வொரு இடத்திலும் கீழ்கோடு அதே அளவு பள்ளமாக இறங்கியது. ஏரித் தண்ணீரில் பனைமரம் தலைகீழாகத் தெரிகிற மாதிரி அச்சு அசல்.

"மாமா" என்று கூப்பிட்டாள். குரல் அறையைத் தாண்டாமல் போகவே மேசையைத் தட்டினாள். மோகனசுந்தரம் வந்தார்.

"வயலுல மேட்டை வெட்டி, அதே அளவு பள்ளத்துல போட்டா என்ன ஆகுமுங்க?"

"சமமாயிரும். பின்ன என்ன ஆகும்?"

"அதானுங்க. என்ற கொரலு சமமாயிருச்சு." திரையைக் காட்டினாள். "காது ரெண்டு இருக்கறதுனால இதை இதுலயும் அதை அதுலயும் வாங்கிக்குது. ஜீப்புல ரெண்டையும் ஒரே கொழாய்ல ஊத்தறாங்க. மேடும் பள்ளமும் சேந்து ஒண்ணுமில்லாமப் போயிருது."

மோகனசுந்தரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார். இரண்டு கோட்டையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஒண்ணு நேராச் சுத்துது. இன்னொண்ணு ரிவர்ஸ்ல சுத்துது."

"என்னுங்க?"

"மோட்டாருல ரெண்டு கம்பிய மாத்திக் குடுத்தா அப்படித்தான். ஓடறதென்னமோ ஓடும், தண்ணி வராது." ஜின்சனுக்குப் போன் போட்டார். மிக்ஸர் பேச்சை நேராக ஒரு கம்பியிலும் திருப்பி ஒரு கம்பியிலுமாக அனுப்புகிறது, அப்படி அனுப்பினால்தான் நீள வயரில் இரைச்சல் ஏறாது என்று ஜின்சன் போனில் விளக்கினான். அந்தத் திருப்பிய கம்பியை இவர் அக்கறையாக வலது காதுக்குப் பற்றவைத்துக் கொடுத்திருக்கிறார். "திருப்பி வர்ற கம்பிய வெட்டி எடுத்துடுங்க சேட்டா. நேரா வர்ற கம்பிய ரெண்டு காதுக்கும் சேத்துக் குடுங்க" என்றான்.

வெட்டுவதா? மோகனசுந்தரம் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெட்டவில்லை. தான் செய்த வேலையிலேயே அழகான வேலை அது. அதோடு, ஒரு கம்பியைத் தொங்க விடுவது என்பது அவர் உடம்பிலேயே கிடையாது. "புகைஞ்சு போச்சுன்னா?" என்றார்.

"இது மோட்டாரு இல்லீங்க மாமா. பேச்சு."

"உன்ற தொண்டை ஏற்கெனவே ஒருக்கா புகைஞ்சுதான போச்சு" என்றார் அவர், தலையைத் தூக்காமல். ஆபரேஷன் நாளிலிருந்து அவர் மனதில் என்ன கிடந்தது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவள் வயரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அவர் வெட்டினார்.

நேர்க்கம்பியை அவர் இரண்டு காதுக்கும் பற்றவைத்ததும் மறுபடி பதிவு செய்தாள். இந்தத் தடவை ஹெட்போனில் குரல் விரியவில்லை. மண்டைக்கு நடுவில், சாதாரணமாக, அடக்கமாக நின்றது. நேற்று அசந்துபோன அந்த அற்புதம்தான் கோளாறு, இந்தச் சப்பென்ற குரல்தான் சரி என்று புரிந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாதஸ்வரத்தை எடுத்துவிட்டாள். சின்னத்தாயக்காவை இன்னொரு தடவை தலைக்கு ஊற்ற வைக்க முடியாது. கத்தாமல், ரேஷன் கடையில் பேசுகிற மாதிரியே பேசினாள். "நம்ம பால் சங்கத்து முன்னால ஞாயித்துக்கெழமை காலையில மாட்டுக்கு ஊசி போடறாங்க. பால் குறையாதுங்க, பயப்படாம ஓட்டீட்டு வாங்க." பிறகு அதையே மலையாளத்தில்.

சனிக்கிழமை காலை அவள் வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஜீப் தெருமுனையில் திரும்பியது. இத்தனை வருடத்தில் அவள் எப்போதும் ஜீப்புக்குள்ளேயே இருந்தவள். தன் குரல் ஒரு தெருவில் எப்படி வரும் என்று வெளியே நின்று கேட்டதே இல்லை. அது வந்தது. தணிந்த, ஓரம் கரகரத்த குரல்தான். ஆனால் கோளாம்பி அதைத் தூக்கிக்கொண்டு தென்னைகளுக்கு மேலே வந்தது. பழைய குரல் ஊரைக் கூப்பிட்டது. இது வீடு வீடாக நின்று பேசியது. ஈரத்துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ரவிக்கை நனைந்தது தெரியவில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. பதிவு செய்த குரல் யாருக்கும் பதில் சொல்லாதே.

ஜீப் சின்னத்தாயியின் வாசலுக்கு நேராக வந்தது. சின்னத்தாயி சாணிக் கையோடு வெளியே வந்து, இடுப்பில் கை வைத்து, கோளாம்பியை அண்ணாந்து பார்த்து, பழைய வழக்கப்படி கேட்டாள். "ஏம்புள்ள, கன்னுக்குட்டிக்குமா போடறாங்க?"

யோகப்பிரியா வேலிக்கு இப்பால், அவளுக்குப் பின்னால் நின்றபடி, தன் குரலில், கத்தாமல் சொன்னாள்.

"நாலு மாசம் ஆச்சுன்னா போடலாமுங்கக்கா. ஓட்டீட்டுப் போங்க."

சின்னத்தாயி திரும்பிப் பார்க்கவே இல்லை. போய்க்கொண்டிருந்த ஜீப்பைப் பார்த்து, "சரி அம்மிணி" என்று தலையாட்டிவிட்டு, கன்றுக்குட்டிக்குக் கயிறு எடுக்க உள்ளே போனாள்.